முப்பதுக்கு ஒன்று குறைவு

மனைவி இறந்த எட்டாவது மாதம் எனக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு நாற்காலி கிடைத்தது. அந்தமானில், போர்ட் பிளேரின் குட்வில் எஸ்டேட்டில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து இருநூற்றுப் பன்னிரண்டு காலடியில் இருக்கிற அரசுப் பள்ளி அது. நிர்வாகக் குழுவில் அந்த வட்டாரத்து ஆள் ஒருவர் இருக்க வேண்டும் என்பது விதி. முன்பு இருந்தவர் மகனோடு மெயின்லேண்டுக்குப் போய்விட்டார். தலைமையாசிரியர் எங்கள் தெருவில் ஆறு வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார். ஐந்து வீட்டில் நேரமில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆறாவது வீடு என்னுடையது.

நான் முப்பத்தெட்டு வருடம் கப்பல் துறையில், ஜெட்டியில் வேலை பார்த்தவன். கப்பலில் ஏறுகிற ஆட்களை எண்ணி, டிக்கெட்டோடு சரிபார்த்து, கையெழுத்துப் போட்டுக் கொடுப்பேன். என் கையெழுத்து இல்லாமல் கயிறு அவிழ்க்க மாட்டார்கள். ஓய்வு பெற்ற பிறகும் எண்ணுவதை விட முடியவில்லை. மகள் கோயம்புத்தூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பேசுவாள். போன வருடம் பதினைந்து நிமிடம் பேசினாள். இந்த வருடம் பதினொன்று. அதை அவளிடம் சொன்னபோது, "அப்பா, நீங்க பேசுறதைக் கேக்குறீங்களா, கடிகாரத்தைப் பாக்குறீங்களா?" என்றாள். அடுத்த வாரம் ஒன்பது நிமிடம்.

குழுக் கூட்டத்துக்கு முதல் முறை போனபோது பள்ளியில் இருந்த மின்விசிறிகளை எண்ணினேன். இருபத்தாறு. ஓடாதவை ஒன்பது. அவற்றில் இரண்டின் திருகாணி தளர்ந்திருந்தது. அதைப் பற்றி மூன்று கூட்டங்களில் பேசினேன். நான் எழுந்தாலே மற்றவர்கள் மேலே பார்க்கத் தொடங்கினார்கள்.

அந்தப் பள்ளியில் சனிக்கிழமை காலை ஒரு வகுப்பு நடந்தது. சுற்றுவட்டாரத்து அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை படிக்கிற, மற்றவர்களைவிட வேகமாகப் போகிற பிள்ளைகளுக்கானது. பதினாலு பேர். பாம்பூ ஃபிளாட்டிலிருந்து ஃபெர்ரியில் வருகிற இரண்டு பெண்களும் அதில் உண்டு. தமிழ், வங்காளம், தெலுங்கு, மலையாளம், ராஞ்சிக்காரர்களின் பேச்சு என்று பதினாலு பேருக்குள் ஐந்து வீட்டு மொழிகள். வகுப்பில் இந்தி, சண்டையிலும் இந்தி.

நடத்தியவர் நடு அந்தமானில் இருக்கிற ரங்கத் ஊரிலிருந்து வந்த ஒரு டீச்சர். விவசாயக் குடும்பம், முப்பத்தைந்து வயதிருக்கும். வாரம் ஐந்து நாள் எல்லோரையும் போல வகுப்பெடுத்துவிட்டு ஆறாவது நாள் இதை நடத்தினார். இதற்கென்று தனிச் சம்பளமில்லை, மாற்று விடுப்பில்லை. ஒரே ஒரு சலுகை: இந்த வகுப்பு நடக்கிற வரை அவர் போர்ட் பிளேரில் இருக்கலாம். நின்றுவிட்டால் அவருடைய முறைப்படி தெற்குக் கோடித் தீவில் இருக்கிற கேம்பல் பே போக வேண்டும். கப்பலில் இரண்டு பகல், இரண்டு இரவு.

பெற்றோரைச் சேர்க்கவே அவர் பட்டபாடு எனக்குத் தெரியும். "ஸ்பெஷல் கிளாஸ்" என்று நோட்டீஸில் போட்டுவிட்டார்கள். நம் ஆட்களுக்கு ஸ்பெஷல் கிளாஸ் என்றால் மார்க் வாங்காத பிள்ளைகளை உட்கார வைக்கிற வகுப்பு. ஒரு தாய் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு சண்டைக்கே வந்துவிட்டார்.

"என் பொண்ணு கிளாஸ்ல ஃபர்ஸ்ட்டு டீச்சர். அவளைப் போய் மக்கு பிள்ளைங்களோட ஸ்பெஷல்ல போட்டிருக்கீங்களே, யார் போட்டுக் குடுத்தா?"

"அக்கா, ஃபர்ஸ்ட்டு வர்றதாலதான் போட்டிருக்கோம்."

"நல்லாப் படிக்கிற பிள்ளைக்கு எதுக்கு ஸ்பெஷல்? அது பாட்டுக்குப் படிக்குதுல்ல?"

இதைத்தான் ஆசிரியர் அறையிலும் சொன்னார்கள், வேறு வார்த்தையில். "தானா ஓடுற வண்டியைத் தள்ளுறதுக்கு ஒரு மேடம்" என்று ஒருவர் என் காதுபடவே சொன்னார். "ஜீனியஸ் மேடம் வராங்க, எல்லாரும் எழுந்திரிங்கப்பா" என்று இன்னொருவர். டீச்சர் சிரித்துக்கொண்டே தன் டப்பாவைத் திறந்து ஜன்னல் பக்கம் திரும்பிச் சாப்பிடுவார். அந்த அறையில் பதினொரு நாற்காலிகள். அவருக்கு இருபுறமும் ஒவ்வொன்று எப்போதும் காலியாக இருந்தது.

நான் அந்த வகுப்புக்கு உதவப் போனதும் மின்விசிறி வழியாகத்தான். அந்த அறை விசிறிக்குப் புதுத் திருகாணி போட ஆளோடு போனேன். பிள்ளைகள் கரும்பலகையில் கடல் ஏற்றத்தின் நேரங்களை எழுதிக்கொண்டிருந்தார்கள். பாம்பூ ஃபிளாட் பெண்கள் இரண்டு பேரும் மூங்கில் கம்பை ஜெட்டியில் நட்டு, தினமும் தண்ணீர் உச்சத்துக்கு வந்த நேரத்தைக் குறித்து வந்திருந்தார்கள். நாளுக்கு ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப்போகிறது. ஏன் என்று பதினாலு பேரும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். டீச்சர் அவர்களைக் கத்த விட்டார். கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

முப்பத்தெட்டு வருடம் அந்த ஏற்ற இறக்க அட்டவணை என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருந்தது. நேரத்தைப் பார்த்தேன், கப்பலை அனுப்பினேன். ஏன் தள்ளிப்போகிறது என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றியதில்லை. ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது இது எனக்கு உறைத்தது. நன்றாக இல்லை.

அதற்குப் பிறகு விடாமல் கேட்டேன். டீச்சர், வரைபடத் தாள் வேண்டுமா? தண்ணீர் வடிகட்டி? பழைய அலமாரி ஒன்று வீட்டில் சும்மா இருக்கிறது, அனுப்பட்டுமா?

"அங்கிள், சாமான் எல்லாம் எப்படியாவது கிடைச்சிடும். சனிக்கிழமை என்ன நடந்துச்சுன்னு சொல்றதுக்குத்தான் எனக்கு ஆள் இல்ல. ஸ்டாஃப் ரூம்ல சொன்னா பெருமை பீத்துறான்னு நினைக்கிறாங்க. ஊர்ல அம்மாகிட்ட சொன்னா, சாப்பிட்டியான்னு கேக்குறாங்க."

அப்படித்தான் செவ்வாய்க்கிழமைத் தேநீர் தொடங்கியது. பள்ளி விட்டதும் நாலேகாலுக்கு வருவார். பள்ளியின் பின்வராந்தாவில் உட்கார்ந்து, என் ஃபிளாஸ்கிலிருந்து தேநீர் குடித்தபடி சொல்லுவார். எல்லாம் சரியாகச் செய்து பழகிய பையன் முதல் தப்பு வந்ததும் தாளைக் கிழித்து அழுத கதை. தனக்குக் கணக்கு தெரிவதை மறைத்து, தோழிக்காகத் தெரியாத மாதிரி இருக்கிற பெண்ணின் கதை. "பிரைட்டா இருக்கிறதும் ஒரு தனிமைதான் அங்கிள். கிளாஸ்ல நாப்பது பேர் இருந்தாலும் பேச ஆள் கிடையாது. சனிக்கிழமை வந்துதான் பதினாலு பேருக்கும் அந்த ஆள் கிடைச்சிருக்கு, அவ்வளவுதான்." அவர் சொன்னதில் பாதி எனக்குப் புரியாது. தலையை ஆட்டுவேன். முப்பத்தொரு செவ்வாய்க்கிழமைகள். மகளின் போனை விட்டால், வாரத்தில் மற்ற ஆறு நாளும் நான் வாய் திறப்பது பால்காரரிடமும் மீன்காரரிடமும்தான்.

அந்த வகுப்புக்கு ஆண்டுதோறும் அனுமதி புதுப்பிக்க வேண்டும். டிசம்பரோடு முடிகிறது என்று நவம்பரில் கல்வி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. பிள்ளைகள் செய்தவற்றின் தொகுப்பு, பதினாலு பெற்றோரின் கையெழுத்து, குழுவின் பரிந்துரை எல்லாவற்றையும் சேர்த்து அங்கே ஒப்படைக்க வேண்டும். கடைசித் தேதி மட்டும் கடிதத்தில் இல்லை. அலுவலகத்தில் கேட்டுக்கொள்க என்றிருந்தது. போன் யாரும் எடுக்கவில்லை. டீச்சருக்கு வகுப்பை விட்டுப் போக முடியாது.

"நான் போறேன்" என்றேன். எனக்கு வேறென்ன வேலை?

அன்று நல்ல மழை. அலுவலகத்தின் தகரக் கூரையில் அது விழுகிற சத்தத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது. மேஜையில் இருந்த கிளார்க் வங்காளி, நல்ல மனிதர். ஈரக் குடையை வாங்கி மூலையில் வைத்தார், நாற்காலி போட்டார். ஓய்வு பெற ஏழு மாதம்தான் இருக்கிறது என்று தானாகச் சொன்னார். எனக்கு ஓய்வில் எப்படிப் பொழுது போகிறது என்று கேட்டார். கடைசித் தேதியைக் கேட்டபோது, "உன்தீஸ் தாரீக், அங்கிள்ஜி. சார் பஜே தக்" என்றார்.

நான் கேட்டது 'தீஸ்'. முப்பது. நாலு மணி வரை.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். இந்தத் தீவில் நாற்பத்தைந்து வருடம் இந்தி பேசியிருக்கிறேன். சண்டை போட்டிருக்கிறேன், துக்கம் விசாரித்திருக்கிறேன். ஆனால் இருபதுக்கு மேல், முப்பது நாற்பது மாதிரி முழுப் பத்துகளைத் தவிர, இந்தி எண் எனக்கு வராது. என்னைப் போன்றவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எண் வரும்போது மட்டும் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவோம், மனசுக்குள் எண்ணுவது எப்போதும் தமிழில். இந்தியில் இருபத்தொன்பதை முப்பதுக்கு ஒன்று குறைவு என்பார்கள். 'உன்' என்பது அந்தக் குறைகிற ஒன்று. என் காதில் அது எண்ணாக விழவில்லை. 'அந்த' என்பதற்கும் இந்தியில் அப்படி ஒரு சொல் உண்டு. அந்த முப்பதாம் தேதி என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். மாதக் கடைசியும் முப்பதுதான். எல்லாம் பொருந்தியது. திருப்பிக் கேட்டிருக்கலாம். ஜெட்டியில் எண்ணிக்கைக்குக் கையெழுத்துப் போட்டவன், எண் புரியவில்லை என்று கேட்பதா?

டீச்சரிடம் வந்து, "முப்பது, நாலு மணி" என்றேன். அவர் கரும்பலகையின் மூலையில் எழுதி வட்டம் போட்டார்.

இருபத்தொன்பதாம் தேதி வியாழக்கிழமை. அன்று பகலுக்குள் பன்னிரண்டு கையெழுத்து வந்துவிட்டது. பாம்பூ ஃபிளாட் பெண்களின் தகப்பன்மார் இரண்டு பேரும் ஒரே படகில் மீன் பிடிக்கப் போயிருந்தார்கள், மாலைதான் திரும்புவார்கள். "இன்னிக்கே ஒரு நடை போய் இருக்கிறதைக் குடுத்துடலாமா அங்கிள்?" என்று டீச்சர் கேட்டார். "எதுக்கு அவசரம்? நாளைக்கு முழுசா குடுப்போம்" என்றேன். குறையோடு ஒரு தாளை ஒப்படைப்பது எனக்குப் பிடிக்காது.

மறுநாள் பத்து மணி பத்து நிமிடத்துக்கு அந்த மேஜை முன் நின்றேன். பதினாலு கையெழுத்து, நூற்று ஆறு பக்கம். ஒவ்வொரு பக்கத்துக்கும் நானே எண் போட்டிருந்தேன். கிளார்க் தாள்கட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அங்கிள்ஜி, கல் ஆக்ரீ தின் தா." நேற்றுதான் கடைசி நாள் என்கிறார்.

"தீஸ் என்றுதானே சொன்னீர்கள்?" என்று இந்தியில் கேட்டேன்.

"தீஸ் நஹீன். உன்-தீஸ்." ரசீதுத் தாளின் பின்புறம் 29 என்று எழுதி, அதன் கீழே ஒரு கோடும் போட்டார். "ட்வென்டி நைன்."

அதிகாரி அன்று காலை மெயின்லேண்டு விமானத்தில் எல்லாப் பள்ளிகளின் தாள்களையும் எடுத்துக்கொண்டு போயிருந்தார். கிளார்க் எனக்காக இரண்டு இடத்துக்குப் போன் செய்தார். ஒன்றும் ஆகவில்லை. "ஒரே ஒரு நாள்" என்றார், எனக்கு ஆறுதலாக. குடையைக் கையில் எடுத்துக் கொடுத்தார்.

டீச்சர் கேட்டிலேயே நின்றிருந்தார்.

"நேத்தே முடிச்சுட்டாங்களாம்" என்றேன்.

பொய் இல்லை. ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஆனால் அதைக் கேட்கிறவர் என்ன நினைப்பார் என்று எனக்குத் தெரியும். அவர் அதையே நினைத்தார்.

"எப்படி அங்கிள்? முப்பதுன்னு சொல்லிட்டு முன்னாடியே மூடுவாங்களா? யார் கேக்கிறதுன்னு நினைப்பு. கவர்மென்ட் ஸ்கூல் பிள்ளைங்கதானே."

நான் தாள்கட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றேன். நூற்று ஆறு பக்கமும் மழையில் ஓரம் நனைந்திருந்தது.

வெள்ளி மாலை, சனி, ஞாயிறு. வகுப்பு நாளான சனிக்கிழமை தலைவலி என்று போகவில்லை. ஞாயிறன்று மகள் பேசியபோது இதைச் சொல்லத் தொடங்கினேன். "எதுக்குப்பா அந்த ஸ்கூல் தலைவலியெல்லாம் உங்களுக்கு" என்றாள். ஆறு நிமிடம்.

திங்கட்கிழமை தலைமையாசிரியர் கூப்பிட்டு அனுப்பினார். அவருடைய மேஜையில் ஒரு புகார்க் கடிதம் தட்டச்சாகி இருந்தது. டீச்சர் எழுதியது. கடைசித் தேதி முப்பது என்று அலுவலக எழுத்தர் சொன்னார், பிறகு ஒரு நாள் முன்னதாகவே மூடிவிட்டார்கள், ஆகவே எங்கள் விண்ணப்பத்தை ஏற்க வேண்டும். கீழே நேரில் கேட்டவர் என்று என் பெயருக்கு இடம் விட்டிருந்தது.

"சார், இங்க ஒரு சைன் போட்டா போதும்" என்றார் தலைமையாசிரியர். "ஜெட்டியில நீங்க எப்படின்னு எல்லாருக்கும் தெரியும். உங்க வார்த்தைன்னா எடுபடும். அந்த கிளார்க்குக்கு ஒரு மெமோ போகும், நமக்கு அனுமதி வந்துடும்."

டீச்சர் சுவரோரம் நின்றிருந்தார். மூன்று நாள் தூங்காத முகம். பேனாவை எடுத்தேன். கையெழுத்துப் போட்டால் வகுப்பு தொடரும், செவ்வாய்க்கிழமையும் தொடரும். ஏழு மாதத்தில் வீட்டுக்குப் போக வேண்டிய ஒரு மனிதர் மெமோவோடு போவார். போடாவிட்டால், ஏன் போடவில்லை என்று சொல்ல வேண்டும்.

"டீச்சர்," என்றேன், "அவர் உன்தீஸ்னுதான் சொன்னார்."

அவருக்கு உடனே புரியவில்லை. பிறகு புரிந்தது. முகம் மாறுவதைப் பார்க்க முடியாமல் மின்விசிறியைப் பார்த்தேன்.

"உன்தீஸ்னா இருபத்தொன்பது அங்கிள்."

"இப்ப தெரியும்."

"வெள்ளிக்கிழமையே தெரியுமா?"

"தெரியும்."

தலைமையாசிரியர் தொண்டையைக் கனைத்தார். டீச்சர் வந்து என் முன்னாலிருந்த கடிதத்தை எடுத்தார், நாலாக மடித்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நல்லது.

"தப்பு என்னோடதுதான். நானே போய்க் கேட்டிருக்கணும்" என்றார். என்னை அங்கிள் என்று சொல்லவில்லை. மணி அடித்தது, வகுப்புக்குப் போய்விட்டார்.

அடுத்த நாள் செவ்வாய்க்கிழமை. நாலேகாலுக்குப் பின்வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். ஐந்து மணிக்கு ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அதற்கடுத்த செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான். மூன்றாவது வாரம் வந்தார். உட்காரவில்லை. பதினாலு பிள்ளைகளின் வேலைகளையும் அவரவர் பள்ளித் தலைமையாசிரியருக்கு அனுப்பிவிட்டதாகவும், அவர்களை வகுப்பில் சும்மா உட்கார வைக்காதீர்கள் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கடிதம் எழுதியதாகவும் சொன்னார்.

"படிப்பாங்களா?" என்று கேட்டேன்.

"ரெண்டு பேர் படிப்பாங்க."

ஜனவரி முதல் வாரத்தில் மாற்றல் உத்தரவு வந்தது. புதன்கிழமைக் கப்பல். ஜெட்டிக்கு நான் போகவில்லை. அது என் பழைய இடம்தான், யாரும் தடுக்கப் போவதில்லை. ஆனால் அங்கே போய் நின்றால் ஏறுகிறவர்களை எண்ணுவேன். அவரும் அதில் ஒருவராக வருவார்.

அந்தச் சனிக்கிழமை காலை ஒன்பதரைக்குப் பள்ளிக் காவலாளி வீட்டுக்கு வந்தார். பாம்பூ ஃபிளாட் பெண்கள் இரண்டு பேரும் வந்து நிற்கிறார்கள், என்ன சொல்வது என்று கேட்டார். டிசம்பர் தொடக்கத்திலேயே மெயின்லேண்டில் பாட்டி வீட்டுக்குப் போய் முந்தின நாள்தான் திரும்பியிருக்கிறார்கள். யாரும் அவர்களிடம் சொல்லியிருக்கவில்லை.

போனேன். ராமேஸ்வரம் கடலில் ஏற்றம் எப்போது வருகிறது என்று ஒரு மாதமாகக் குறித்த நோட்டு ஒருத்தி கையில் இருந்தது. டீச்சரிடம் காட்ட.

"டீச்சர் வரலையா அங்கிள்?"

"டீச்சர் கேம்பல் பே போயிட்டாங்கம்மா. இந்த கிளாஸ் நின்னுபோச்சு."

"ஏன்?"

அலுவலகம், அனுமதி, அடுத்த ஆண்டு என்று என்னென்னவோ வாயில் வந்தது. எல்லாவற்றையும் விட்டுவிட்டுச் சொன்னேன். நான் தேதியைத் தப்பாகக் கேட்டேன், உன்தீஸை முப்பது என்று நினைத்தேன்.

ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். மற்றவளால் அடக்க முடியவில்லை. "எங்க அப்பாவும் அப்படித்தான் அங்கிள். பச்சீஸ்னு கடைக்காரன் சொன்னா பச்சாஸ்னு நினைச்சு சண்டைக்குப் போவாரு!" இருபத்தைந்துக்கும் ஐம்பதுக்குமான சண்டை. இரண்டு பேரும் குனிந்து குனிந்து சிரித்தார்கள். சிரித்து முடிந்ததும்தான் அவர்களுக்கு விஷயம் எட்டியது. நோட்டை வைத்திருந்தவள் அதை மூடினாள்.

"அப்ப இதை யார்கிட்ட காட்டுறது?"

திரும்பும் ஃபெர்ரிக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. காவலாளியிடம் சாவி வாங்கி அறையைத் திறந்துவிட்டேன். இரண்டு பேரும் இரண்டு கடலின் நேரங்களையும் கரும்பலகையில் பக்கத்துப் பக்கத்தில் எழுதினார்கள், தங்களுக்குள் சண்டை போட்டார்கள், அழித்தார்கள், மறுபடி எழுதினார்கள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நான் கதவருகில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

பதினொன்றரைக்கு அவர்கள் கிளம்பினார்கள். கேட் வரை கூடப் போய், அடுத்த சனிக்கிழமை வர வேண்டாம் என்று சொன்னேன். வீணாக ஃபெர்ரி, பஸ், வெயில். சரி அங்கிள் என்றார்கள். பெரியவர்களைப் போலத் தலையை ஆட்டிவிட்டுச் சாலையைக் கடந்தார்கள்.